மல்டிமீடியா ஜர்னலிசம் படிக்கப் பல்கலைக்கழகம் போக வேண்டுமா? நான் படித்த அனுபவத்திலிருந்து

கேள்வி: என் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். மல்டிமீடியா ஜர்னலிசம்தான் (எழுத்து, ஒலி, படம், வீடியோ என்று பல வடிவத்தில் செய்தி தருவது) படிப்பேன் என்கிறாள். கேமராவும் எடிட்டிங்கும் யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாமே, அதற்கு எதற்குக் காலேஜ் என்று அப்பா கேட்கிறார். படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் இரண்டு வருடம் இதழியல் எம்.ஏ. படித்தேன். இப்போது ஒரு செய்தித் தளத்தின் வீடியோ பிரிவில் இருக்கிறேன். உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டியும் இலவசம். இரண்டையும் நான் ஹாஸ்டல் அறையில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் யாரும் ஃபீஸ் கட்ட வேண்டாம்.

மீதிப் பாதியைச் சொல்ல காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும்.

முதல் வருடக் கடைசியில் ஆளுக்கொரு புராஜெக்ட் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடை தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை ஏலத்தைப் படம் பிடித்துவிடலாம் என்று விடியற்காலை மூன்றரை மணிக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டேன். ஐஸ் உடைக்கும் சத்தம், கூடைக்கு விலை கேட்கும் குரல்கள், ஈரத் தரையில் இழுபடும் பிளாஸ்டிக் பெட்டிகள். இரண்டு மணி நேரம் விடாமல் எடுத்தேன்.

வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது ஆசிரியர் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, "முதல்ல காதால கேளுங்க" என்றார். ஒரு பெண் பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. மைக்கில் காற்று அறைந்த சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. நான் ஹெட்போன் மாட்டிக்கொள்ளாமலே பதிவு செய்திருக்கிறேன். அப்புறம் படத்தைப் போட்டார். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஷாட் எல்லாவற்றிலும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடின. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். விநாடிக்கு 25 பிரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என வைத்தால் அந்தப் பட்டை வராது. இயற்பியல் படித்திருந்ததால் காரணம் உடனே பிடிபட்டது. ஆனால் எடுத்ததில் ஒரு நிமிடம்கூட உருப்படியாகத் தேறவில்லை.

ஆசிரியர் திட்டவில்லை. "தடை வந்த பிறகு கேமரா இல்லாம ஒரு தடவை போயிட்டு வாங்க. காதுக்கு என்ன வித்தியாசம்னு வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. முதல் தடவை எந்நேரமும் இரைந்துகொண்டிருந்த இன்ஜின் சத்தம் இப்போது இல்லை. அது இல்லாததால் மற்ற சின்னச் சின்ன சத்தமெல்லாம் மேலே வந்தது. ஒரு படகில் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு முறுகும் சத்தம். நிழலில் உட்கார்ந்து வலை பின்னிய பெரியவர், கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, பேச்சை நிறுத்தாமலே ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ரெக்கார்டரோடு போய், பேட்டி முடிந்ததும் யாரையும் பேச விடாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை மூட அது வேண்டும்.

கடைசியில் அது வீடியோவாக வரவே இல்லை. ஐந்து நிமிட ஒலிக்கதையும் ஒன்பது புகைப்படங்களுமாக வந்தது. இந்த முடிவை நானாக எடுத்திருக்க மாட்டேன். தடைக்கால நிவாரணம் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டிருந்தேன். சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வந்தது. முழுக்க எண்கள். அதைக் குரலில் படித்தால் யாருக்கும் நிற்காது என்று எழுத்தும் வரைபடமுமாகத் தனியே போட்டோம். ஒரே விஷயத்தை மூன்று வடிவத்தில் திரும்பத் திரும்பச் சொல்லாமல், எதைக் காட்ட வேண்டும், எதைக் கேட்க விட வேண்டும், எதை எழுத வேண்டும் என்று பிரிக்கப் பழகினேன். இதை யூடியூப் எனக்குக் கற்றுத் தரவில்லை. நான் எடுத்ததை உட்கார்ந்து பார்த்து, ஏன் இப்படி என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இன்னொன்று. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு வந்து படகுக்குப் பெயின்ட் அடித்த ஒரு பையனை அருமையான குளோசப்பில் எடுத்திருந்தேன். "அவங்க அம்மாகிட்ட கேட்டீங்களா? இதுக்கு யாராவது குழந்தைத் தொழிலாளின்னு தலைப்பு போட்டா அந்த வீட்டுக்கு என்ன ஆகும்?" என்று ஆசிரியர் கேட்டார். அந்தப் படத்தை நீக்கிவிட்டோம். அடுத்த வகுப்பில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் வருடத்து போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவை வரிவரியாகப் படித்தோம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் தெரியும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. இன்று வேலையில் அது எனக்கு வாரா வாரம் தேவைப்படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வதந்தி பரவியதே, அதையும் ஒரு நாள் முழுக்கப் பயிற்சியாகக் கொடுத்தார்கள்: யாருக்கு போன் செய்வீர்கள், எந்தப் படத்தை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று.

சரி, உங்கள் தங்கைக்கு. பிளஸ் டூ முடித்த உடனே இதைத்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. பொருளாதாரம், வரலாறு, அறிவியல் என்று பிடித்த ஒன்றில் பட்டம் வாங்கிவிட்டு முதுகலையில் இதற்கு வருவது நல்லது என்பது என் கருத்து. எழுத ஒரு விஷயம் கையில் இருக்கும். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை இருக்கிறது, தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் முதுகலை டிப்ளமோ தருகிறது. இப்போதே சேர்வதென்றால், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வேறு, இதழியல் வேறு என்று தெரிந்து சேரட்டும். விஸ்காம் பல இடங்களில் சினிமா, விளம்பரம் பக்கம் சாயும். சேரும் முன் கல்லூரிக்கே போய், சீனியர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கேமராவை மாணவர்கள் வெளியே எடுத்துப் போக விடுகிறார்களா, மாணவர்களே நடத்தும் பத்திரிகையோ தளமோ இருக்கிறதா, தமிழில் செய்ய முடியுமா. ஆரம்பச் சம்பளம் குறைவு. அதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. கதை முடிந்ததும், முதல் நாள் என் மைக்கில் காற்றோடு கலந்துபோன அந்த மீன்கார அக்காவிடம் போனில் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு நான்காவது படத்தைத் தொட்டு, "தம்பி, இது சங்கரான்னு எழுதிருக்க. இது நவரை" என்றார். அன்று இரவே விளக்கத்தை மாற்றி, கீழே திருத்தம் என்று ஒரு வரி போட்டேன்.