பூண்டு இருக்க மாத்திரை எதுக்கு?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயசு, பிரஷர், கொலஸ்ட்ரால் ரெண்டும் இருக்கு. சமைச்சா பூண்டோட சத்து போயிடும், பச்சையா வெறும் வயித்துல சாப்பிட்டா மாத்திரையே வேணாம்னு வாட்ஸாப்ல வந்துச்சு. ஒரு மாசமா தினம் காலையில ரெண்டு பல்லு குடுக்கறேன், மாத்திரைய நிறுத்தியாச்சு. எண்ணெயில ஊறப்போட்ட பூண்டும் ஒரு போத்தல் ரெடியா இருக்கு. நான் செய்றது சரிதானே?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: "சரிதானே"ன்னு முடிச்சிருக்கீங்க, தலையாட்டுவேன்னு நெனச்சுட்டீங்க போல. மாட்டேன்மா. இன்னிக்கே அவர கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க, ஒரு மாசமா மாத்திரை போடலன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. மிச்சத்த திரும்பி வந்து படிச்சுக்கலாம்.

உங்க வாட்ஸாப் வைத்தியர் சொன்னதுல பாதி உண்மைதான். பூண்டோட சத்துன்னு பேசப்படற அல்லிசின் முழு பல்லுல கிடையாது, தட்டும்போதோ நறுக்கும்போதோதான் உள்ள இருக்கற அல்லீன்ங்கற பொருளும் அல்லினேஸ்ங்கற என்சைமும் ஒண்ணு சேர்ந்து அது உண்டாகுது, அந்த காரமும் நெடியும் அதோடதுதான். சூடு பட்டா என்சைம் செயலிழந்துடும், அதனால தட்டின கையோட காயற எண்ணெயில போட்டா அல்லிசின் முழுசா உருவாக நேரமே கிடைக்காது. இதுக்கு வழி பச்சையா முழுங்கி நெஞ்செரிச்சல்ல கஷ்டப்படறது இல்ல, தட்டிட்டு 10 நிமிஷம் சும்மா விட்டுட்டு அப்புறம் சமைக்கறது. ரசம்னா கொஞ்சத்த கடைசியில, இறக்கறதுக்கு முன்னாடி தட்டிப் போடுங்க. கருவாட்டு குழம்புல முழுசா வேகற பூண்டு ருசிக்குத்தான், அதுக்கு சத்து கணக்கெல்லாம் பாக்காதீங்க.

கொலஸ்ட்ராலுக்கு வருவோம். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல 192 பேர வச்சு ஆறு மாசம் பாத்தாங்க, 2007ல முடிவு வந்துச்சு. ஒரு குரூப்புக்கு பச்சைப் பூண்ட சான்ட்விச்ல வச்சே குடுத்தாங்க, மத்தவங்களுக்கு பூண்டு மாத்திரை, இல்லன்னா மருந்தே இல்லாத வெத்து மாத்திரை. கெட்ட கொலஸ்ட்ரால் எந்த குரூப்லயும் சொல்லிக்கற மாதிரி குறையல. பிரஷர் கொஞ்சம் குறையுதுன்னு சில ஆய்வு சொல்லுது, ஆனா அதுல நெறைய கேப்சூல் குடுத்து பாத்தது, அதுவும் டாக்டர் எழுதின மருந்துக்கு பதிலா இல்ல. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க பச்சைப் பூண்டு, கேப்சூல்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும், ரத்தக்கசிவு கூடலாம்.

என்னைக் கேட்டா பிரஷர்காரர் வீட்டுல பூண்டோட பெரிய உபகாரம் வேற. பூண்டு, இஞ்சி, மிளகு தூக்கலா இருந்தா குழம்புல உப்ப குறைச்சாலும் நாக்குக்கு தெரியாது. உப்பு நெறைஞ்ச சிக்கன் ஸ்டாக் கட்டி, கீச்சாப் (சோயா சாஸ்) எல்லாத்தையும் அப்படியே ஊத்திட்டு மேல ரெண்டு பல்லு பூண்டு போட்டா மட்டும் பிரஷர் எறங்கிடுமா?

எண்ணெயில ஊறப்போட்ட அந்த பூண்டு போத்தல குப்பையில போடுங்க, ருசி கூட பாக்காதீங்க. மண்ணுக்குள்ள விளையறதால பூண்டுல பொட்டுலிசம்ங்கற, நரம்ப முடக்கற விஷ நோய உண்டாக்கற கிருமியோட வித்து இருக்கலாம், எண்ணெய்க்குள்ள காத்து இல்ல, புளிப்பு இல்ல, நம்ம ஊரு சூடு வேற, வெளிய வச்சா விஷம் உண்டாக அது போதும். வாசனையும் மாறாது, நிறமும் மாறாது. 1985ல கனடாவுல வான்கூவர்ல ஒரே உணவகத்துல இப்படி எண்ணெயில போட்ட பூண்டால 36 பேருக்கு பொட்டுலிசம் வந்துச்சு. வேணும்னா அன்னன்னிக்கு கொஞ்சமா செஞ்சு, மீந்தா பிரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாள்ல தீத்துடுங்க.