இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய நல்ல வீடியோ கேம் ஒன்று சொல்லுங்களேன்?

வேலை முடிந்து, வீட்டில் எல்லோரும் தூங்கப்போன பிறகு கிடைக்கும் நேரத்துக்குள் ஆடி முடிக்கிற மாதிரி கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: மினிட். பல வருடங்களாகக் கேட்பவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2018 ஏப்ரலில் வந்த இண்டி கேம் இது, அதாவது பெரிய நிறுவனம் இல்லாமல் ஒரு சிறு குழு சொந்தமாகச் செய்தது. செய்தவர்கள் நான்கு பேர்: யான் வில்லெம் நைமன், கிட்டி காலிஸ், யூகியோ கல்லியோ, டோமினிக் யோஹான். இவர்களில் கல்லியோ இசையமைப்பாளர். நைமன் ஏற்கெனவே விளாம்பியர் என்ற இருவர் குழுவில் நியூக்ளியர் த்ரோன் போன்ற கேம்களைச் செய்தவர். வெளியிட்டது டெவால்வர் டிஜிட்டல்.

கதை ரொம்பச் சின்னது. வாத்து மாதிரி மூக்கு வைத்த ஒரு குட்டி உருவம் கடற்கரையில் கிடக்கும் வாளை எடுக்கிறது. அது சாபம் பிடித்த வாள். எடுத்த கணத்திலிருந்து 60 விநாடிதான் உயிர். செத்தால் வீட்டில் மறுபடி எழுந்திருப்போம், மறுபடி 60 விநாடி. இந்த வாள்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டவுடன், 'ஐயோ, ஒரே பதற்றமாக இருக்குமே' என்று தோன்றும். ஆடிப் பார்த்தால் அப்படி இல்லை. செத்தாலும் எடுத்த பொருள்கள் கையிலேயே இருக்கும். அதைவிட முக்கியம், தெரிந்துகொண்ட வழி மனதில் இருக்கும். இடப்பக்கம் போனால் என்ன, எந்தப் புதரை வெட்டினால் குறுக்கு வழி திறக்கும், எங்கே நண்டு நிற்கும் என்று ஒவ்வொரு உயிரும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போகிறது. போன தடவை முட்டி மோதி 50 விநாடியில் போன இடத்துக்கு இந்தத் தடவை 20 விநாடியில் போய் நிற்போம். பாத்திரத்தின் பலம் கூடுவதைவிட நம் கால்கள் ஊரைப் பழகிக்கொள்வதுதான் இங்கே பெரிய முன்னேற்றம். புதிதாக ஒரு ஊருக்குக் குடிபோய் முதல் சில வாரங்களில் சந்து பொந்தெல்லாம் பிடிபடுமே, அந்த மகிழ்ச்சி அப்படியே இதில் இருக்கிறது.

வீடும் ஒன்று மட்டும் இல்லை. போகப்போக வேறு இருப்பிடங்கள் கிடைக்கும், ஒரு ஹோட்டல் அறைகூட உண்டு. எதில் கடைசியாக நுழைந்தோமோ அதில்தான் மறுபடி எழுவோம். அதனால் ஒவ்வொரு புது வீடும் 60 விநாடியில் எட்டக்கூடிய ஒரு புது வட்டம். உண்மையில் மொத்த உலகமும் சின்னதுதான். 60 விநாடிக் கெடு இல்லாவிட்டால் ஒரு நடையில் சுற்றிவிடலாம். அந்த ஒரே விதிதான் இந்தச் சின்ன இடத்தைப் பெரிய ஊராக்குகிறது.

அந்த விதிக்கு மற்ற எல்லாமே கட்டுப்பட்டிருப்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். திரை முழுக்கக் கறுப்பு வெள்ளை. பார்த்தவுடனே எது சுவர், எது வழி, எது எதிரி என்று புரிந்துவிடும். ஒரு பொத்தான் வாளை வீச, இன்னொன்று உடனே சாக. ஆமாம், சாவதற்கென்றே ஒரு பொத்தான்! திட்டம் சொதப்பிவிட்டால் மிச்ச விநாடிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். பேசுகிறவர்களும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்கள். காபி குடித்தால் பெட்டிகளைத் தள்ளும் தெம்பு வரும். யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

இதற்கு ஒரே விதிவிலக்கு கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கிழவர். அவர் ஒரு துப்புச் சொல்வார், ஆனால் எழுத்தெழுத்தாக, நிறுத்தி நிதானமாக. நம் உயிரோ ஓடிக்கொண்டிருக்கிறது. வழியில் எங்கேயும் நிற்காமல் நேரே அவரிடம் போய், வாயை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டால்தான் விஷயம் கிடைக்கும். மற்ற எந்த கேமிலும் பொத்தானைத் தட்டித் தாண்டிப் போகிற வசனம் அது. இங்கே ஒரு முதியவர் பேச்சைக் கேட்கவே ஒரு ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நேரக்கட்டுப்பாட்டை வைத்து இவ்வளவு அழகான ஒரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேரத்தை வைத்து ஆடும் கேம்கள் இதற்கு முன்பும் உண்டு. 2000இல் வந்த செல்டா மஜோராஸ் மாஸ்கில் கதைக்குள் மூன்று நாள்தான் கெடு, ஆனால் ஒரு பாட்டை வாசித்து நேரத்தின் வேகத்தைக் குறைக்கலாம். 2009இல் வந்த ஹாஃப் மினிட் ஹீரோவில் 30 விநாடிதான், ஆனால் காசு கொடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். மினிட்டில் அந்தச் சலுகை கிடையாது. வேகமாக ஓடும் காலணி வாங்கலாமே தவிர நேரத்தை வாங்க முடியாது. இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. சில ரகசியங்கள் குறிப்பே இல்லாமல் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேகரிக்க நினைப்பவர்களுக்கு ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடப்பது அலுக்கும். முதல் தடவை அந்தக் கவலை வேண்டாம், தொழிற்சாலையை முடிப்பதை மட்டும் பாருங்கள்.

கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கைபேசி எல்லாவற்றிலும் வந்திருக்கிறது. கைபேசித் திரையில் விரலால் ஆடுவதைவிடக் கண்ட்ரோலரில் ஆடுவதையே பரிந்துரைப்பேன். அரை விநாடிகூட முக்கியமான கேம் இது. யூடியூபில் வழிகாட்டி வீடியோ எதையும் முன்கூட்டியே பார்த்துவிடாதீர்கள், வழியைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த கேமும். பிடித்துப்போனால், முடித்த பிறகு இரண்டாவது சுற்று ஒன்று திறக்கும். அதில் 40 விநாடிதான்.