பார்ட்ஸ்ல இருக்கிற கிரீஸ கழுவ எந்த டிகிரீசர் வாங்குறது?

கேள்வி: அண்ணே, நான் கொட்டகலை பக்கம். வீட்டோட ஒட்டி ஒரு சின்ன ஷெட் போட்டு த்ரீவீல், புல்லு வெட்டுற மெஷின், மருந்தடிக்கிற மெஷின்னு வர்ற வேலைய செய்றேன். பார்ட்ஸ் கழுவ இதுவரைக்கும் பெற்றோல்தான். அந்த வாசத்துல புள்ளைங்களுக்கு தலைவலி வருதுன்னு வீட்ல ஒரே சத்தம். டவுன்ல ஒரு கடையில கேன்ல இருந்து சோடா போத்தல்ல ஊத்திக் குடுக்குற எஞ்சின் வாஷ் மலிவா இருக்கு, ஆனா லேபல் கிடையாது. ஸ்ப்ரே டின்ல வர்ற டிகிரீசர் வெலை கூட. எத வாங்கலாம்?

பதில்: தம்பி, மொதல்ல பெற்றோல நிப்பாட்டுங்க. வீட்ல சொல்றது சரிதான். பெற்றோல் சுழியத்துக்கு கீழ 40 டிகிரி குளிர்லகூட பத்துற அளவுக்கு ஆவி விடும், அதனால நம்ம பக்கத்து குளிரு காப்பாத்தும்னு நெனைக்க வேணாம், அந்த ஆவி காத்த விட கனம், தரையோட தரையா போய் குசினி அடுப்புல பட்டுச்சுன்னா நெருப்பு அதே வழியில திரும்ப ஷெட்டுக்கு வந்துரும். ஒட்டி ஒட்டி வீடு இருக்கிற லயத்துல ஒரு வீடு பத்தினா வரிசையே போயிரும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. போதாததுக்கு அதுல புற்றுநோய் உண்டாக்குற பென்சீனும் இருக்கு.

கெட்டியான கிரீஸ், ஒட்டிப்போன மண்ணு, இதுக்கெல்லாம் மண்ணெண்ணெயே போதும். அது சுமார் 38 டிகிரிக்கு மேல சூடானாத்தான் பத்துற அளவுக்கு ஆவி விடும், இந்த ஊரு குளிருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனா அத சூடாக்கக் கூடாது, காத்தடிச்சு தூவவும் கூடாது, பூந்தூறலா பறந்தா குளிர்லயும் பத்தும். ஒரு தட்டுல ஊத்தி பழைய பெயின்ட் பிரஷால தேச்சு எடுங்க. நைட்ரைல் கையுறை போடுங்க, சாதாரண ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில ஊதி கிழிஞ்சிரும். அழுக்கான எண்ணெய ஒரு டின்ல ராத்திரி அசையாம வச்சா சேறு அடியில தங்கிரும், மேல இருக்கிற தெளிவ திரும்ப பாவிக்கலாம், காசு மிச்சம். மிஞ்சுற சேற தண்ணி ஓடுற கான்ல ஊத்திறாதீங்க, அங்க ஊத்துறது கொத்மலை ஓயாவுக்குத்தான் போகும், கீழ இருக்கிற சனம் அந்தத் தண்ணியத்தான் பொழங்குது. பீலி பக்கத்துல கழுவுறதும் வேணாம்.

மண்ணெண்ணெய்ல ஒரு குறை இருக்கு, காஞ்சாலும் லேசா எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், அதுக்கு மேல கேஸ்கட் பசையும் ஒட்டாது பெயின்டும் நிக்காது. டிகிரீசர்னு காசு குடுத்து வாங்கணும்னா இந்த ரெண்டாவது கழுவலுக்குத்தான். தண்ணியில கலக்குற கான்சன்ட்ரேட்டா பாத்து வாங்குங்க. ஒன்னுக்கு பத்துன்னு போட்டிருந்தா 1 லீட்டர் வாங்கி 11 லீட்டர் ஆக்கலாம், போத்தல் வெலைய பாக்காம கலக்கினதுக்கப்புறம் லீட்டருக்கு எவ்வளவு வருதுன்னு கணக்குப் போடுங்க, அப்பதான் எது மலிவுன்னு தெரியும். ரெண்டாவது, அலுமினியத்துக்கு பாவிக்கலாம்னு லேபல்ல எழுதியிருக்கணும். நான் ரொம்ப அழுத்தி சொல்றது இதத்தான், ஏன்னா சில எஞ்சின் வாஷ்ல கோஸ்டிக் சோடான்னு தோல சுடுற காரம் இருக்கும், இரும்புக்கு ஒன்னும் ஆகாது, ஆனா உங்ககிட்ட வர்ற பிஸ்டன், காபுரேட்டர், புல்லு வெட்டுற மெஷின் எஞ்சின் பாடி எல்லாம் பெரும்பாலும் அலுமினிய கலவை, அதுல கோஸ்டிக் பட்டா நுரைச்சு கறுத்து உலோகமே கரையும், அதோட பத்தக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும்.

அதனால அந்த லேபல் இல்லாத கேன் சாமான் வேணாம். என்ன இருக்குன்னே தெரியாம ஒரு பார்ட்ஸ எப்படி நம்பி முக்குவீங்க? அதவிட பயம் சோடா போத்தல்தான். புள்ளைங்க இருக்கிற வீட்ல கோஸ்டிக்கோ மண்ணெண்ணெயோ குடிக்கிற போத்தல்ல இருக்கவே கூடாது. தப்பித் தவறி குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிரும், கோஸ்டிக் தொண்டைய ரெண்டாவது தடவையும் சுடும், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. எந்தக் கடையில வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்க, சாமான்ல ஏமாத்தினா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ல முறைப்பாடு சொல்லலாம்.

கலக்குற தண்ணி சூடா இருந்தா வேலை சுருக்கா முடியும், பச்சத்தண்ணியில நம்ம ஊர்ல கிரீஸ் இறுகிக்கிட்டு அசையாது. கழுவின கையோட தொடைச்சு, காத்தடிச்சு, லேசா எண்ணெய் பூசிருங்க, மத்தியானம் மிஸ்ட் எறங்கிற ஊர்ல ஈரமா வச்ச இரும்பு அன்னைக்கே துரு புடிக்கும். பெயின்ட் அடிக்கப் போறீங்கன்னா எண்ணெய் பூசாம அடுத்த நிமிஷமே பிரைமர் போட்டுருங்க. பெயாரிங்க காத்தடிச்சு சுத்த விடாதீங்க, தெறிச்சா கண்ணு போயிரும்.

ஸ்ப்ரே டின் ஒன்னு வச்சிருக்கலாம், பிரேக் டிரம்மை கடைசியா தொடைக்க மட்டும். குளோரின் இல்லாததா பாருங்க. டின்ல டெட்ராகுளோரோஎத்திலீன்னு போட்டிருந்தா அத அடிச்ச இடத்துல வெல்டிங் பண்ணவே கூடாது, அந்த சூட்டுல ஃபொஸ்ஜீன்னு உயிர எடுக்கிற வாயு உண்டாகும். பிரேக் ரப்பர மட்டும் மண்ணெண்ணெயிலயும் பெற்றோல்லயும் முக்காதீங்க, ஊதிப்போயி பிரேக் புடிச்சுக்கும், புது பிரேக் ஒயில்லயே கழுவுங்க.

கேள்வி: பண்டாரவளையில இருந்து எழுதுறேன். பைக் செயின் கழுவவும் இதே கான்சன்ட்ரேட் சரியா?

பதில்: தேவையில்ல தங்கச்சி, மண்ணெண்ணெய் போதும். இப்ப நெறைய பைக் செயின்ல லிங்குக்கு நடுவுல சின்ன ஓ-ரிங் இருக்கு, உள்ள இருக்கிற கிரீஸ காக்கிறது அதுதான், பெற்றோலும் கம்பி பிரஷும் அத கெடுத்துரும். மெதுவான பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டு தேச்சு, துணியால நல்லா தொடைச்சு, செயின் ஒயில் போடுங்க. எஞ்சின நிப்பாட்டிட்டு சில்ல கையால சுத்துங்க, கியர்ல ஓட விட்டு தொடைக்கப் போயி வெரல் போனவங்க இருக்காங்க.