மின்காந்த மிகையுணர்வு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

வைஃபை, கைபேசிக் கோபுரம் போன்றவற்றின் அலைகளால் தலைவலியும் தூக்கமின்மையும் வருவதாக உணரும் நிலையைத்தான் மின்காந்த மிகையுணர்வு என்கிறார்கள். அதற்குச் சான்றிதழ் இன்றைய சட்டப்படி கிடைக்காது. நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் சான்றிதழ் இல்லாமலே பெறக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை அறிய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். 2018ஆம் ஆண்டு எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு நேர் மேலே வைஃபை கருவியைப் பொருத்தினார்கள். சில வாரங்களில் எதிர்க் கட்டடத்தின் மாடியில் கைபேசிக் கோபுரமும் எழுந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள், காலையில் கொழுந்துச் சீட்டுகளை (விவசாயிகள் தரும் தேயிலைக் கொழுந்துக்கான கணக்குச் சீட்டுகள்) கூட்டத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போன்ற வலியும், காதுக்குள் ஓயாத ரீங்காரமும், கன்னத்தில் மிளகாய் பட்டது போன்ற எரிச்சலும் எனக்கு வாடிக்கையாகிவிட்டன. இரவில் தூக்கம் போயிற்று. பகலில் ஏழும் ஒன்றும் ஒன்றுபோலத் தெரிந்து, கூட்டல் தவறி, விவசாயிகள் முன் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

இதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட தகவல் குறிப்பு, பாதிக்கப்பட்டவர்கள் முதலில் படிக்க வேண்டியது. படித்தால் கோபம் வருவதும் இயல்பே. அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கிப் போடக்கூடியவை என்று அது ஒப்புக்கொள்கிறது. அதே மூச்சில், அவற்றை மின்காந்தப் புலங்களோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்றும், இதை ஒரு தனி நோயாகக் கண்டறிய வரையறை இல்லை என்றும் சொல்கிறது. அலை இருக்கிறதா இல்லையா என்பதைப் பங்கேற்பவரும் சோதிப்பவரும் அறியாத வகையில் நடந்த 46 சோதனைகளை 2010இல் ஒரு மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. அவற்றில் 1,175 பேர் கலந்துகொண்டிருந்தும், அலையால்தான் அறிகுறி வருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை.

நான் நம்பவில்லை. ஆகவே கல்லூரியில் படிக்கும் என் மகன் வீட்டிலேயே சோதித்துவிடலாம் என்றான். விளக்கு மினுக்குவது தெரியாமலிருக்க வைஃபை கருவியை முதலில் பிஸ்கட் டின்னில் வைத்தான். தகரம் அலையையே மறைத்துவிடும் என்று பிறகு நினைவு வந்து, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்கு மாற்றினான். பக்கத்து அறையில் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் கருவியை இயக்கிவிட்டும் தலை விழுந்தால் இயக்காமலும் பெட்டியை மூடி, என் கட்டிலருகே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே போய்விடுவான். ஐந்து மாலைகளில் இருபது முறை செய்தோம். ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே பத்து வந்திருக்கும். மூன்றாம் நாள் மாலை தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு வாந்தி எடுக்கும் அளவுக்கு நான் துடித்தபோது, அந்தக் கருவி இயங்கவே இல்லை என்று மகன் குறிப்பேட்டைக் காட்டினான். காட்டும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

ஊட்டிக்கு அருகிலுள்ள முத்தோரைப் பாலாடாவில் சித்தி வீட்டில் தங்கிய கதையும் இதே வகைதான். வானொலித் தொலைநோக்கி இருக்கும் இடத்தில் அலைத் தொல்லை இராது என்பது என் கணக்கு. 1970 முதல் இயங்கும் அந்தத் தொலைநோக்கி, சுமார் 11 பாகைச் சரிவுள்ள மலையில் 530 மீட்டர் நீளத்துக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டி, 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விண்ணிலிருந்து வருவதைக் கேட்கிறது. தான் எதையும் பரப்புவதில்லை. கைபேசி இயங்கும் அலைவரிசைகளோ வேறு. முதல் வாரம் பத்து ஆண்டுகளில் தூங்காத தூக்கம் தூங்கினேன். எட்டாம் நாள் சித்தியின் கைபேசியில் சிக்னல் முழுக் கோட்டில் நிற்பதைக் கண்டேன். அன்றிரவே ரீங்காரம் திரும்பிவிட்டது.

ஆகவே காரணம் என்னவென்று நான் இப்போது வாதிடுவதில்லை. மாதத்தில் பத்து நாட்கள் என்னால் முழு நேரம் வேலை செய்ய முடியவில்லை என்பதை மட்டும் வாதிடுகிறேன். இந்த வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நீண்டகாலக் குறைபாடு ஒன்று சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரைப் பிறருக்கு இணையாகப் பங்கேற்க விடாமல் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது. இந்த வரையறை நோயின் மூலத்தைக் கேட்கவில்லை. சான்றிதழுக்கு வந்தால்தான் கதவு குறுகுகிறது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஒன்றில் அடங்க வேண்டும், பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாட்டின் அளவு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். பட்டியலில் புதிய வகையைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவரை நம் பெயர் அதில் இல்லை.

சான்றிதழ் கேட்டு மருத்துவக் குழுவின் முன் நான் நின்றபோது, அங்கிருந்த மருத்துவர் ஏளனம் செய்யவில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். "அம்மா, உங்கள் வலியை நான் மறுக்கவில்லை, ஆனால் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மனநோய் என்ற வகையில் விண்ணப்பிக்கலாமே என்று அருகிலிருந்தவர் சொன்னார். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வகைக்குச் சட்டம் சொல்லும் விவரிப்பு எனக்குப் பொருந்தவில்லை. அட்டைக்காகப் பொருந்தாத சட்டையை மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர்களே ஒற்றைத் தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை தொடங்கினார்கள். அதனால் பாதி குறைந்தது. நோயின் பெயரில் பிடிவாதமாக இருந்து இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதுதான் நான் செய்த பெரிய தவறு.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைக் காட்டி மனு எழுதுகிறவர்கள் அவற்றை முழுதாகச் சொல்ல வேண்டும். சுவீடன் இதைச் செயல்திறன் குறைபாடாக ஏற்கிறது, மருத்துவ நோயாக அல்ல. பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றம் 2015இல் ஒரு பெண்ணுக்கு மாதம் சுமார் 800 யூரோ வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கியது. அலைதான் காரணம் என்பது அதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. நமக்குப் பயன்படுவதும் அதுவே: காரணம் தெளியும் வரை இயலாமையைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

நான் கடைசியில் தொழிற்சாலை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அரசு நிறுவனங்கள் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்ற பிரிவு தனியார் ஆலையை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதால், உரிமை என்று அதட்டாமல், வேண்டுகோளாகவே எழுதினேன். கதிர்வீச்சு என்ற சொல்லே அதில் இல்லை. எத்தனை மணிக்கு வலி தொடங்குகிறது, அதன் பிறகு எத்தனை சீட்டுகளில் பிழை வருகிறது என்று மூன்று மாதக் குறிப்பை இணைத்து, மருத்துவரின் கடிதத்தையும் வைத்து, இரண்டு கேட்டேன்: அமைதியான இடத்தில் மேசை, மதியம் இருபது நிமிட ஓய்வு. இப்போது முற்றத்தின் கோடியில் பழைய எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கணினிக்குக் கம்பி இணைப்பு. மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறுகிறது, அதற்கு ஒரு ஹீட்டர் கேட்டிருக்கிறேன்.