எழுத்து தெரிகிறது, கல்வெட்டு படிக்க வரவில்லை

கேள்வி: விழுப்புரத்தில் வங்கி ஊழியராக இருக்கிறேன், வயது 41. கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வகுப்புக்குப் போக நேரம் அமையவில்லை. நான்கு மாதமாகக் காணொளிகள் பார்க்கிறேன். தமிழி (தமிழ் பிராமி), வட்டெழுத்து என்ற பழைய எழுத்துகள், சோழர் கால எழுத்து ஆகிய மூன்றின் அட்டவணைகளையும் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். அட்டவணையில் எல்லாம் தெரிகிறது, கோயில் சுவர் முன் நின்றால் ஒரு வரிகூட நகரவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல், விரைவாகக் கற்க வழி உண்டா? — ஒரு வாசகி

பதில்: வழி உண்டு, அம்மா. உங்களுக்குத் திறமை குறைவு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். நான்கு மாத உழைப்பு தவறான இடத்தில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அட்டவணையில் எழுத்துக்குப் பக்கத்திலேயே விடையும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது "ஆமாம், தெரியும்" என்று மனம் சொல்லும். அது அடையாளம் காண்பதுதான், படிப்பது ஆகாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் சற்று முன்னால் நின்றார்கள். ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ, ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்களைத் தெளிவாக முந்திவிட்டார்கள். நீங்கள் இதுவரை செய்தது முதல் வகை. இனி இரண்டாம் வகைக்கு மாறுங்கள்.

அதற்கு முன் ஒரு கண்டிப்பு. தமிழியையும் வட்டெழுத்தையும் கட்டி பரண்மேல் வைத்துவிடுங்கள். பழமையானதிலிருந்து தொடங்குவதே முறை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாம் இராஜராஜன், இராஜேந்திரன் காலத்து எழுத்து இன்றைய தமிழுக்கு மிக நெருக்கமானது, செதுக்கலும் பெரும்பாலும் சீரானது. அதிலும் நந்தாவிளக்குக் கொடைகளை, அதாவது கோயிலில் அணையாமல் எரியும் விளக்குக்குத் தந்த கொடைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வஸ்திஸ்ரீ என்ற மங்கலச் சொல், அரசன் பெயர், யாண்டு (ஆட்சியாண்டு) இத்தனையாவது, இன்ன நாட்டு இன்ன ஊர் மகாதேவர்க்கு, இன்னார் வைத்த திருநந்தாவிளக்கு ஒன்று, அதற்கு ஆடு 90, நிசதம் (தினமும்) உழக்கு என்ற அளவு நெய், சந்திராதித்தவல் (சந்திரனும் சூரியனும் உள்ளவரை), பன்மாகேஸ்வரர் ரக்ஷை (சிவனடியார்கள் காவல்). ஏறக்குறைய எல்லாம் இந்த வரிசையில்தான் ஓடும். இந்தச் சொற்களை முதல் வாரத்திலேயே வாயில் ஏற்றிவிடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவருடைய கண்ணுக்குத் தேய்ந்த எழுத்தும் புலப்படும். தொடக்கத்தில் வரும் ஸ்வஸ்திஸ்ரீ, வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். அதை எழுத்தெழுத்தாகப் பிரிக்காமல் ஒரு படம்போல மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிச்சயம் இடறப்போகும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். "சாவா மூவாப் பேராடு" என்பது விளக்குக் கொடைகளில் அடிக்கடி வரும் தொடர். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது என்பது பொருள். கல்லில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது, பெரும்பாலும் புள்ளியும் இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். போதாததற்கு ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே "பேராடு" என்ற இடத்தில் உங்கள் கண்ணுக்குப் படுவது ஒரு கொம்பு, ஒரு ப, ஒரே மாதிரி இரண்டு கோடுகள், ஒரு டு. முதல் கோட்டைக் காலாக எடுத்தால் "பொரடு" என்று வந்து நிற்கும். முதலாவதை ரகரமாகவும் இரண்டாவதைக் காலாகவும் எடுத்தால்தான் பேராடு. அதன் பக்கத்தில் ௯௰ என்று இருந்தால் ஒன்பது பத்து, அதாவது தொண்ணூறு. எந்த அட்டவணையும் இதைச் சொல்லித் தராது. ஒருமுறை "பொரடு" என்று படித்துத் திகைத்தவருக்கு அது பிறகு மறக்காது.

ஆகவே தவறு செய்வதற்கென்றே தினமும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பாடம், அதாவது கல்லில் உள்ள வாசகம், அச்சாகியிருக்கும் கல்வெட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஏராளம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இரண்டாம் தொகுதி. கல்லின் படத்தை முன்னால் வைத்து, அச்சுப் பாடத்தை மூடிவிட்டு, இருபது நிமிடம் நீங்களாகப் படித்து எழுதுங்கள். புரியாத எழுத்துக்கும் ஓர் ஊகம் எழுதியாக வேண்டும், வெற்றிடம் விடக்கூடாது. பிறகு பாடத்தைத் திறந்து சிவப்பு மையால் திருத்துங்கள். மறுநாள் புதிய வரிக்குப் போகும் முன் நேற்றைய வரியை மறுபடி கல்லிலிருந்தே படியுங்கள். அதே வரி மூன்று நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் திரும்ப வரட்டும். ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து மற்ற நாள் விட்டுவிடுவதைவிட இது மிக நல்லது. இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் நிலைக்கும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தம்மையே சோதித்து 1885இல் எழுதிவைத்திருக்கிறார்.

இடறிய எழுத்துகளுக்குச் சிறு அட்டைகள் செய்யுங்கள். அதில் நீங்கள் வரைந்த வடிவம் வேண்டாம், கல்லின் படத்திலிருந்து வெட்டிய துண்டையே ஒட்டுங்கள். ஒரே எழுத்துக்கு ஐந்து சுவர்களிலிருந்து ஐந்து துண்டுகள் சேர்ந்தால், அது சிற்பிக்குச் சிற்பி எப்படி மாறுகிறது என்பது பிடிபடும்.

ஒரு மாதம் கழித்து நேரில் போங்கள், காலையிலோ மாலையிலோ. வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் வெட்டு நிழலாகத் தெரியும். உச்சிவெயிலில் சுவர் வெறும் கல்லாக நிற்கும். உள்ளே இருட்டாக இருந்தால் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மாவு பூசுவது, சுண்ணக்கட்டியால் எழுத்தின்மேல் இழுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து அது.

உங்கள் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் இருக்கிறது. 340 மாணவர்கள் படித்த கல்லூரி ஒன்றைப் பற்றி இராஜேந்திரன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அந்தப் பெருமாள் கோயிலில் உள்ளது. நீளமானது, விளக்குக் கொடைபோல எளிதும் இல்லை. ஆறாம் மாதத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நீங்களாகப் படித்த முதல் நந்தாவிளக்குக் கல்வெட்டை, சிவப்புத் திருத்தங்களோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள். எந்த எழுத்தில் இடறுகிறீர்கள் என்று பார்த்து அடுத்த சுவரைச் சொல்கிறேன்.