அடுத்த வாக்கியம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. வாட்ஸ்அப்பில் வரும் புரளிகளைச் சமையலறையிலேயே சோதித்துக் காட்டும் யூடியூப் சேனல் ஒன்றை நடத்துகிறேன். போன மாதம் ரேஷன் அரிசி பற்றிப் போட்டேன். “ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்க, தண்ணியில போட்டா மிதக்குது” என்று தொடங்கி, மிதந்த மணிகளைக் கரண்டியில் எடுத்துக் காட்டிவிட்டு, அது ஏன் பிளாஸ்டிக் இல்லை என்று 14 நிமிடம் விளக்கினேன். யாரோ முதல் 20 நொடியை மட்டும் வெட்டி, சோக இசை போட்டு, “கெமிஸ்ட்ரி டீச்சரே சொல்லிட்டாங்க” என்று பரப்பிவிட்டார்கள். எங்கள் தெரு ரேஷன் கடைக்காரர் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. வீடியோவை எடுத்துவிடு என்கிறார் கணவர். யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுத்து காப்பிரைட் ஸ்ட்ரைக் அடி என்கிறான் மகன். போலீசுக்குப் போகலாமா? இனிமேல் புரளியைச் சொல்லாமல் விளக்கத்தை மட்டும் சொல்லட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

வீடியோவை எடுக்காதீர்கள். எடுத்த மறுநிமிடமே “பயந்து டெலிட் பண்ணிட்டாங்க” என்று அடுத்த கிளிப் கிளம்பும். உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். வெட்டாத மூலக் கோப்பை இன்றைக்கே இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு கூட்டத்தில் 40 நிமிடம் பேசினேன். அதில் எங்கோ இருந்த இரண்டு வாக்கியங்களை ஒட்டி, சொந்த ஊர்க்காரர்களை நான் திட்டியதாக ஒரு சேனல் போட்டது. ரோஷத்தோடு இரண்டு பக்கம் மறுப்பு எழுதினேன், யாரும் சீண்டவில்லை. கல்லூரி மாணவர் ஒருவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், முதல் வாக்கியத்துல உங்க முன்னாடி இருக்குற தண்ணி பாட்டில் ஃபுல்லா இருக்கு. ரெண்டாவதுல பாதி.” அந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே போட்டேன். அன்று மாலைக்குள் பேச்சு அடங்கிவிட்டது. என் மறுப்பைவிட அந்த பாட்டில் நன்றாகப் பேசியது என்பதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

அமெரிக்காவில் ஷெர்லி ஷெராட் என்பவருக்கு நடந்தது இதன் பெரிய வடிவம். வேளாண் துறையின் ஜார்ஜியா மாநில அதிகாரி, கறுப்பினப் பெண். 2010 ஜூலையில் ஆண்ட்ரூ பிரைட்பார்ட் என்ற வலதுசாரி ஊடகக்காரர் அவர் பேச்சின் ஒரு துண்டை வெளியிட்டார். பல ஆண்டுகளுக்கு முன் உதவி கேட்டு வந்த ஒரு வெள்ளைக்கார விவசாயிக்கு முழு மனதோடு உதவவில்லை என்று அதில் சொல்கிறார். அன்றைக்கே அவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பும் அவரைக் கண்டித்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் பேசியதே அந்த அமைப்பின் கூட்டத்தில்தான். முழுப் பதிவும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது! மறுநாள் அதைப் போட்டுப் பார்த்தால், பேச்சு தொடர்கிறது: அந்தச் சம்பவம்தான் பிரச்சினை நிறமல்ல, ஏழ்மை என்று தனக்குப் புரியவைத்தது என்கிறார். அந்த விவசாயியும் மனைவியும் டிவிக்கு வந்து, எங்கள் நிலத்தைக் காப்பாற்றியதே அவர்தான் என்றார்கள். அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், வேறு பதவி தருவதாகச் சொன்னார், ஷெராட் ஏற்கவில்லை. 2011இல் அவர் போட்ட அவதூறு வழக்கு சமரசத்தில் முடிய 2015 ஆனது. அவர் பெயரைத் துடைக்கும் வேலையை முழுப் பதிவு ஒரே நாளில் செய்திருந்தது.

ஆகவே கோர்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவதூறு, போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றமல்ல; மாஜிஸ்திரேட்டிடம் நீங்கள்தான் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால், கிளிப் வெளியானதிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். அந்தத் தேதியை மட்டும் குறித்து வையுங்கள், லிங்க், ஸ்க்ரீன்ஷாட்டுடன்.

மகன் சொல்லும் ஸ்ட்ரைக் முழுக்கத் தப்பில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்துபவரின் பெயர் கெடும்படி நிகழ்ச்சியைத் திரிப்பதைத் தடுக்கிறது. விரிவுரை ஆற்றுபவரும் அச்சட்டப்படி நிகழ்த்துபவர்தான். ஆனால் நேரத்துக்காகவோ எடிட்டிங்குக்காகவோ ஒரு பகுதியை நீக்கியது மட்டுமே பெயரைக் கெடுத்ததாகாது என்று அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. வெட்டினார்கள் என்றால் போதாது, அர்த்தத்தைத் தலைகீழாக்கினார்கள் என்று காட்ட வேண்டும். அதோடு, யூடியூபில் ஸ்ட்ரைக் அடித்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடும் கிளிப் நிற்குமா?

அங்கே ஓடக்கூடியது இன்னொரு கிளிப்தான். 14 நிமிட வீடியோவின் லிங்க்கை அனுப்பினால் உங்கள் சம்பந்தியே திறக்க மாட்டார். 40 நொடியில் ஒன்று செய்யுங்கள். அவர்கள் வெட்டிய 20 நொடி அப்படியே ஓடட்டும். அவர்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் உங்கள் அடுத்த வாக்கியம் வரட்டும்: இது அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்த செறிவூட்டிய மணி, நூறுக்கு ஒன்று என்று கலந்திருக்கிறார்கள், லேசாக இருப்பதால் சிலது மிதக்கும். அவ்வளவுதான். இசை வேண்டாம், சிவப்பு அம்புக்குறி வேண்டாம், “சதி” என்ற சொல் வேண்டவே வேண்டாம்.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. புரளியைச் சொல்லாமல் விடாதீர்கள். அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக வகுத்தார். பிறர் கொள்கையைச் சொல்லி மறுப்பது முதல் பாகம்; அது தொடங்குவதே கடவுள் இல்லை என்னும் உலகாயதக் கொள்கையில். உலகாயதன் பேசும் பாடல்களை மட்டும் யாராவது ரீல்ஸ் போட்டால் அருணந்தியாரும் நாத்திகர்தான். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: புரளியைச் சொல்லும் அந்த நொடிகளில் திரையின் நடுவே, உங்கள் முகத்தை ஒட்டி, “இது புரளி” என்று பெரிதாகப் போட்டுவிடுங்கள். ஓரத்தில் போட்டால் கிராப் செய்துவிடுவார்கள். “சொல்றாங்க” என்பதையும் வாக்கியத்தின் முதலிலேயே வையுங்கள். உங்கள் தொடக்க வாக்கியத்தில் அது எங்குமே இல்லை, பாருங்கள்.

அந்த 40 நொடியை எங்கும் போடும் முன் ரேஷன் கடைக்குப் போங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, போனை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.