இண்டக்‌ஷன்ல எவர்சில்வர் சட்டி சூடாகலையா? காந்தத்தை வச்சுப் பாருங்க
புது எவர்சில்வர் சட்டி இண்டக்‌ஷன்ல சூடாகவே மாட்டேங்குது, அடுப்பு போச்சான்னு கேட்டிருக்கீங்க. அடுப்பை சர்வீசுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை எடுத்து சட்டியோட அடியில வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா அது பெரும்பாலும் 304ங்கிற எவர்சில்வர் ரகம், 18/8னு போட்டிருப்பாங்க, அதாவது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், அந்த நிக்கல் சேர்ந்ததும் உள்ள அணுக்கள் அடுக்கியிருக்கிற விதமே மாறி இரும்போட காந்தத்தன்மை போயிடும். அடுப்புக்கு காந்தம் பிடிக்கிற இரும்புதான் வேணும், அதுலதான் மின்சாரம் மேல்தோல்ல மட்டும் நெருக்கியடிச்சு ஓடி நல்லா சூடேறும். வளைச்ச விளிம்புல லேசா ஒட்டலாம், அழுத்தி வளைக்கும்போது அங்க மட்டும் அந்த அணு அடுக்கு மாறிடுது, அதை நம்பாதீங்க. அடியில 430 ரக எவர்சில்வர் தகடு வச்சதா கேட்டு மாத்திக்கோங்க, அதுல நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, காந்தம் நச்சுனு ஒட்டும்.